அச்சுக்கூடமும் ஞாபக சக்தியும்

அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவருடைய வேலை, நூலாசிரியரின் கையெழுத்துப் பிரதியையும் அச்சில் எடுத்த தாளையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஒன்றில் உள்ள எழுத்து மற்றொன்றில் இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது என்று வெளியிலிருப்பவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். அது எங்கள் வேலையில் பாதிதான். அதிலும் எளிய பாதி. நூலாசிரியர் தம் ஞாபகத்திலிருந்து எடுத்தெழுதிய மேற்கோளில் ஒரு சீர் மாறியிருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது, பத்தாம் பக்கத்தில் தம்பியாக அறிமுகமானவர் இருநூறாம் பக்கத்தில் தமையனாகிவிட்டால் அதை யார் கவனிப்பது, பிரதியிலேயே பிழை இருந்து அச்சும் அதனோடு ஒத்திருந்தால் அந்த ஒற்றுமையைக் கண்டு திருப்தியடைந்துவிடாமல் ஒரு கணம் நின்று ஐயுறும் மனம் எங்கிருந்து வருவது என்னும் கேள்விகளில்தான் இந்தத் தொழிலின் ஜீவன் இருக்கிறது. ஈய எழுத்துகளின் காலத்தில் இத்தொழிலுக்கு வந்து, கணிப்பொறி தானே வாக்கியம் இயற்றித் தரும் இந்நாள் வரையில் இதிலேயே வாழ்ந்திருக்கும் நான், கருவிகள் ஒவ்வொன்றாக மாறியபோது எங்களுடைய ஞாபகமும் சிந்தனையும் எவ்விதம் மாறின என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

1970களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சுக்கூடம், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னலோரமாகச் சாய்வு மேஜைகளின்மேல் எழுத்துக் கேஸ்கள் இருக்கும். அவற்றின் முன்னால் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே வேலை செய்வார்கள். இடக்கையில் எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்து, பிரதியைப் பார்த்த கண்ணை எடுக்காமலே வலக்கையை நீட்டி, எந்த அறையில் எந்த எழுத்து என்று தேடாமல் எடுத்து அடுக்கிக்கொண்டே போகும் அவர்கள், தலைகீழாக நிற்கும் எழுத்துகளை இடமிருந்து வலமாகச் சரளமாகப் படிப்பார்கள். பிரதியை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கோத்தால் வேலை நடக்காது. ஒரு சொற்றொடரை முழுமையாக மனத்தில் வாங்கிக்கொண்டு, அதைக் கை கோத்து முடிக்கும் வரையில் உள்ளே தாங்கி, முடிந்ததும் அடுத்ததை வாங்க வேண்டும். இப்படிப் பல்லாண்டுகள் செய்ததனால், பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களாக இருந்தும், தாங்கள் கோத்த நூல்களின் பகுதிகளைப் பல மாதங்கள் கழித்தும் வரி பிசகாமல் சொல்லக்கூடியவர்களாக அவர்களிற் சிலர் இருந்தார்கள். யாரும் அவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கையால் செய்த காரியம் தன் போக்கில் மனத்திலும் படிந்துவிட்டது.

எங்களுக்கு ஞாபகம் இன்றியமையாததாக இருந்ததற்கு மிகவும் லௌகிகமான ஒரு காரணம் உண்டு. சிறிய அச்சுக்கூடங்களில் ஒரு புத்தகம் முழுவதையும் கோத்து வைக்கப் போதுமான எழுத்துகள் இருப்பதில்லை. ஆகவே முதல் சில பாரங்களை, அதாவது ஒருசேர அச்சேறும் பக்கத் தொகுதிகளை, கோத்து, பிழை திருத்தி, அச்சிட்டு, அந்த எழுத்துகளைப் பிரித்து அவற்றின் அறைகளில் மறுபடியும் போட்ட பிறகுதான் அடுத்த பாரங்களைக் கோக்க முடியும். இருநூறாம் பக்கத்தைத் திருத்தும்போது பத்தாம் பக்கம் அச்சாகி முடிந்திருக்கும். அதை மாற்ற வழியில்லை. எனவே ஒரு பெயரை எப்படி எழுதியிருக்கிறோம், ஓர் ஊரை எந்த ஜில்லாவில் வைத்திருக்கிறோம், எந்த அத்தியாயத்தில் எந்த ஆண்டைக் குறிப்பிட்டோம் என்பனவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டே முன்னே செல்ல வேண்டியிருந்தது. நூலாசிரியர்களும் அவ்வாறே நடந்துகொண்டார்கள். கோத்த பத்தியில் ஒரு சொல்லைப் புதிதாகச் சேர்த்தால் பத்தியின் இறுதி வரை ஒவ்வொரு வரியையும் கையால் தள்ள வேண்டும் என்பதை அறிந்திருந்தபடியால், பெரும்பாலோர் தம் கருத்தை முற்றும் தெளிந்துகொண்ட பின்னரே பிரதியை அனுப்பினார்கள். மாற்றம் அவசியமாகிவிட்டால், நீக்குகிற சொல்லின் அளவுக்குச் சரியாக ஒரு சொல்லை யோசித்துக் கொடுப்பார்கள். திருத்துவது கடினமாக இருந்த காலத்தில், எழுதுவதற்கு முன்பே சிந்தனை நிறைவு பெற வேண்டியிருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பெரியவர் என்னை முதலில் சிவப்பு மையைத் தொடவிடவில்லை. பிரதியை உரக்கப் படிப்பதுதான் ஆரம்பத்தில் என் வேலை. நான் படிக்கப் படிக்க அவர் அச்சுத் தாளைப் பார்ப்பார். காற்புள்ளி, அரைப்புள்ளி, பத்தி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒற்றெழுத்தை அழுத்தி உச்சரிக்க வேண்டும். இந்த அப்பியாசத்தினால் வாக்கியத்தின் ஓசை செவிக்குப் பழகி, கண் தவறவிட்டதைச் செவி பிடித்துக் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. ஒரு வெண்பாவில் தளை தட்டினால், இலக்கணத்தை நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே காதில் உறுத்தும். மாலையில் வேலை முடிந்ததும் நன்னூற் சூத்திரங்களில் சிலவற்றையும், குறளில் ஓர் அதிகாரத்தையும், பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளின் பெயர்களையும் அவர் என்னிடம் கேட்பார்.

ஆண்டுப் பெயர்கள் எதற்கு என்று நான் அப்போது நினைத்ததுண்டு. விரைவில் அதற்கு விடை கிடைத்தது. ஒரு வித்துவானுடைய சரித்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம். அவர் சுபகிருது வருஷத்தில், 1905ஆம் ஆண்டில் பிறந்தார் என்று பிரதியிலும் இருந்தது, அச்சிலும் இருந்தது. ஒத்துப் பார்ப்பவனுக்கு அதில் பிழையில்லை. பெரியவரோ அந்த இடத்தில் நின்றுவிட்டார். சுபகிருது பிறந்தது 1902ஆம் ஆண்டு சித்திரையில். 1905இல் பிறந்தது விசுவாவசு. ஆதலால் இரண்டில் ஒன்று தவறு என்று எழுதி நூலாசிரியருக்கு அனுப்பினார். குடும்பத்தார் வைத்திருந்த ஜாதகத்தைப் பார்த்து ஆண்டு திருத்தப்பட்டது. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் எவரும் இதைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் புரட்ட வேண்டும் என்ற எண்ணம் முதலில் எழ வேண்டும். மனத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றோடு கண்முன் இருக்கும் ஒன்று முரண்படும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாதவனுக்கு முரண்பாடும் இல்லை, சந்தேகமும் இல்லை. அன்று கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் பின்னாளில் எந்தக் கருவி வந்தபோதும் எனக்கு ஏற்படவில்லை.

இந்தத் தொழிலுக்குப் பெருமைதரும் முன்னோர்கள் உண்டு. 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒருங்கே கவனத்தில் நிறுத்திச் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர், அதற்கு முன்னர் இடலாக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தது சீறாப்புராணப் பதிப்பைத் திருத்தும் பணிக்காகத்தான். 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் தம் உரையிலே பெயர் சொல்லாமல் எடுத்தாண்டிருக்கும் மேற்கோள்கள் எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்று கண்டறிய, ஏட்டுச் சுவடிகளைப் படித்துப் படித்துத் தம் மனத்தையே ஓர் அகராதியாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களில் அவர் உள்ளத்தில் சேமித்த செய்யுட்களே, பின்னர் சிதைந்த ஏடுகளின் நடுவில் சரியான பாடத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்குத் துணைநின்றன.

1978ஆம் ஆண்டு அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டபோது, ஞாபகத்தின் வேறொரு குணத்தை நான் கண்டேன். பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்டுவந்த வடிவங்களே அவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் பழைய கூட்டு வடிவத்தை விட்டுப் புதிய வடிவத்தைப் பெற்றன. படிப்பவர்கள் சில வாரங்களில் பழகிவிட்டார்கள். கம்பாசிட்டர்களுடைய அறிவும் ஒரே நாளில் அதை ஏற்றுக்கொண்டது; விரல்கள் மட்டும் வெகுநாள் வரையில் பழைய அறைகளை நோக்கியே சென்றுகொண்டிருந்தன. நினைவு என்பது தலைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை, தோளிலும் மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் பரவியிருக்கிறது என்பதையும், கையின் வேலையை நிறுத்திவிட்டால் நினைவின் ஒரு கிளையும் பட்டுப்போகும் என்பதையும் அப்போது உணர்ந்தேன்.

பின்னர் ஒளியச்சுக் கோப்பு வந்தது, 1990களில் கணிப்பொறியிலேயே பக்கம் அமைக்கும் டி.டி.பி. வந்து ஈய எழுத்துகளை முற்றிலும் அப்புறப்படுத்தியது. இதை நான் மனமார வரவேற்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் ஈயத்தைத் தொட்டு, அதன் தூசியைச் சுவாசித்து, நின்ற நிலையிலேயே இளமையைக் கழித்த தொழிலாளர்களைப் பார்த்தவன் எவனும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று பிரார்த்திக்க மாட்டான். எத்தனை திருத்தம் செய்தாலும் வரிகள் தாமாகவே நகர்ந்துகொண்டன. புத்தகம் முழுவதும் கடைசி நிமிஷம் வரை திறந்தே இருந்தது. ஆனால் பிழைகளின் ஜாதி மாறிவிட்டது. எழுத்தைப் பிரித்துப் போடும்போது லகரத்தின் அறையில் வகரம் விழுவதும், உடைந்த எழுத்தும், தலைகீழான எழுத்தும் மறைந்து, அவற்றுக்குப் பதிலாக, ஒரே பத்தி இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டிருப்பதும், பாதி திருத்திய வாக்கியத்தில் பழைய வினைமுற்றும் புதிய எழுவாயும் சேர்ந்து நிற்பதும் வந்தன. ஓர் எழுத்துருவில் அடித்தது வேறோர் எழுத்துருவில் அர்த்தமற்ற குறிகளாகத் தோன்றிய தொல்லையும் இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகையும் எழுத்துருக் குறியீடும் தரப்படுத்தப்பட்டு, பின்னர் யூனிகோடு பரவிய பிறகே அது தீர்ந்தது.

அந்தக் காலத்தில் நான் கண்ட ஒரு சம்பவம் இன்றும் எனக்குப் பாடமாக இருக்கிறது. 1920களைப் பற்றிய ஒரு நினைவு நூலில் ‘மதராஸ்’ என்று வரும் இடங்களையெல்லாம் ‘சென்னை’ என்று மாற்றும்படி பதிப்பகத்தார் சொல்ல, கணிப்பொறியில் ஒரு கட்டளையின் மூலம் நூல் முழுவதும் கணப்பொழுதில் மாற்றப்பட்டது. ‘மதராஸ் மெயில்’ என்ற பழைய தினசரி அதோடு ‘சென்னை மெயில்’ ஆகிவிட்டது. ஒவ்வோரிடத்தையும் கையால் திருத்தியிருந்தால், அந்த இடம் வரும்போது திருத்துபவருடைய சிந்தை ஒரு விநாடியாவது அதன்மேல் தங்கியிருக்கும். ஆயிரம் திருத்தங்களை ஒரே செயலாகச் செய்ய முடிகிறபோது, ஆயிரம் முறை சிந்திக்கும் வாய்ப்பும் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெயர் திருத்தப்பட்டதற்குக் காரணம், அத்தினசரியின் பெயரை அறிந்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்ததுதான்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தினால் பழந்தமிழ் நூல்கள் வரிசையாக மின்வடிவில் கிடைக்கத் தொடங்கியபோது, எங்கள் தொழிலுக்கே ஒரு புதிய யுகம் பிறந்தது என்று சொல்லலாம். ஒரு மேற்கோள் நற்றிணையில் உள்ளதா, குறுந்தொகையில் உள்ளதா என்று அறிய முன்பு ஒரு பகல் முழுவதும் நூல் நிலையத்தில் செலவாகும். இப்போது ஒரு சொல்லை அடித்தால் போதும். இந்த வசதியை நானும் நாள்தோறும் உபயோகிக்கிறேன். ஆயினும் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களைக் கவனித்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. அவர்கள் காலையில் தேடிக் கண்டுபிடித்த செய்யுளை மாலையில் மீண்டும் தேடுவார்கள், மறுநாளும் தேடுவார்கள். எந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். செய்யுள்தான் ஞாபகம் இருக்காது.

இதை இளைஞர்களின் அசிரத்தை என்று குறைகூறுவது அநியாயம் என்பதைப் பின்னர் மனோதத்துவ ஆராய்ச்சிகளைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். 2011இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் பெட்சி ஸ்பாரோ, ஜென்னி லியூ, டேனியல் வெக்னர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், சில செய்திகளைக் கணிப்பொறியில் அடிக்கச் செய்து, ஒரு சாராரிடம் அவை சேமிக்கப்படும் என்றும் மற்றொரு சாராரிடம் அவை அழிக்கப்படும் என்றும் கூறினார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களே அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். செய்தியைவிட அது வைக்கப்பட்ட இடமே நினைவில் நன்றாகத் தங்கியதையும் அவர்கள் கண்டார்கள். வெளியில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால், மனம் அதைச் சுமக்க மறுக்கிறது. 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, ஒருமுறை படித்துவிட்டுப் பின்னர் தம் மனத்திலிருந்தே அதை நினைவுகூர முயன்றவர்கள் முந்தினார்கள். நினைவுகூரும் பிரயத்தனமே நினைவை வளர்க்கிறது. ஏட்டை மூடச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்ட என் குருநாதருடைய முறைக்கு இதைவிடச் சிறந்த நியாயம் வேண்டுவதில்லை.

திரையில் படிப்பதும் தாளில் படிப்பதும் ஒன்றுதானா என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாக இருந்துவரும் விவாதம். நான் கண்ட அனுபவம், இறுதிப் புரூஃபைத் தாளில் எடுத்துப் படிப்பவர்களிடம் தப்பும் பிழைகள் குறைவு என்பதே. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2017 வரை நடத்தப்பட்ட 54 ஆராய்ச்சிகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்டோர் பங்குகொண்டவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்து, செய்திகளைத் தெரிவிக்கும் உரைநடையைப் புரிந்துகொள்வதில் தாளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது என்றும், நேரம் குறைவாக உள்ளபோது அந்த அனுகூலம் அதிகமாகிறது என்றும் கண்டது. கதைகளைப் படிப்பதில் அத்தகைய வேற்றுமை காணப்படவில்லை. அவசரமாக வந்து அவசரமாகப் போகும் கட்டுரை வேலையில் தாளை ஏன் கைவிடக்கூடாது என்பதற்கு இது போதிய ஆதாரம்.

சொற்பிழை காட்டும் மென்பொருள்கள் வந்த பின் எங்களுடைய சுமை இன்னும் குறைந்தது. கூடவே ஒரு புதிய அபாயமும் வந்தது. ‘பணி’ என்பதற்குப் பதிலாகப் ‘பனி’ என்றிருந்தால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால் அது பேசாமல் இருந்துவிடும். வேலை கொடுத்ததைச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு ககர ஒற்று மிகுந்துவிட்டால், முருகன் வேலை எடுத்துக் கொடுத்ததாகப் பொருள் மாறும். அதுவும் அதற்குத் தெரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. சிவப்புக் கோடு விழாத பக்கம் சுத்தமான பக்கம் என்று எண்ணப் பழகிய கண், கோடு விழாத இடங்களில் நிற்பதையே விட்டுவிடுகிறது. பிழை கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ள வந்த கருவி, கவனத்தையும் பங்கிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளும் என் மேஜைக்கு வருகின்றன. அவற்றில் எழுத்துப் பிழை மிகவும் குறைவு. நடை வழுவழுப்பாக ஓடும். அதனால்தான் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. அவ்வாறு வந்த ஒரு கட்டுரையில் திருவள்ளுவர் பெயரால் இரண்டு அடிகள் கொடுக்கப்பட்டிருந்தன. அறக்கருத்து நன்றாகவே இருந்தது. அதிகாரத்தின் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தது. அதைப் படித்த மாத்திரத்தில் அது குறளன்று என்று தெரிந்தது. ஏழு சீர்களுக்குப் பதிலாக எட்டுச் சீர்கள் இருந்தன. குறள் வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும், இது அவற்றில் எதிலும் அடங்கவில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தது பிறகுதான்; 1330 குறட்பாக்களோடும் பழகிய செவி அதற்கு முன்பே மறுத்துவிட்டது. பக்கத்திலிருந்த இளைஞர் தேடிப் பார்த்து, அப்படி ஒரு குறள் இல்லை என்று உறுதி செய்தார். சந்தேகம் என் உள்ளத்தில் எழுந்தது. அதைத் தீர்த்து வைத்தது கணிப்பொறி. இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்வதே உத்தமமான முறை என்று நான் கருதுகிறேன். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்குச் சில நியமங்களை விதித்திருக்கிறேன். ஒரு மேற்கோள் சரிதானா என்று தேடுவதற்கு முன்னால், தமக்கு நினைவிருக்கிற வடிவத்தை ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும்; பிறகு தேடி, இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். தவறாக எழுதினாலும் பாதகமில்லை. திருத்தப்பட்ட தவறு மனத்தில் ஆழமாகப் பதிகிறது. ஒரு நூலில் வரும் பெயர்களையும் ஆண்டுகளையும் கையால் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். மென்பொருளை ஓட்டுவதற்கு முன்பு ஒருமுறை, ஓட்டிய பின்பு ஒருமுறை என்று பக்கத்தை இருமுறை படிக்க வேண்டும். அவற்றில் ஒன்று வாய்விட்டுப் படிப்பதாக இருக்க வேண்டும். தினந்தோறும் ஒரு செய்யுளையாவது பாடம் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் இவை காலத்தை வீணாக்குவதாக அவர்களுக்குத் தோன்றும். சில மாதங்களில், தேட வேண்டிய இடம் எது என்று தேடாமலே தெரியத் தொடங்கும்போது, அந்தக் காலம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஈய எழுத்துக் காலத்தில் ஞாபகத்தை வளர்க்க நாங்கள் தனியே முயல வேண்டியிருக்கவில்லை. வேலையின் கஷ்டமே அதை வளர்த்தது. அந்தக் கஷ்டத்தைக் கருவிகள் நீக்கிவிட்டன, நீக்கியது நன்மையே. ஆனால் கஷ்டத்தோடு வந்த பயிற்சியும் உடன் நீங்கிவிட்டதால், முன்பு தானாக விளைந்ததை இனி நாம் விரும்பி, நேரம் ஒதுக்கி, பயிர் செய்ய வேண்டியிருக்கிறது. அச்சுத் தொழிலுக்கு மட்டும் உரிய நிலைமையன்று இது. கணக்கு எழுதுபவருக்கும், வைத்தியருக்கும், வழக்கறிஞருக்கும், ஆசிரியருக்கும் கேட்டதைக் கொடுக்கும் கருவி கையில் வந்துவிட்டது. கேட்க வேண்டியது என்ன என்று அறியும் பொறுப்போ அவரவரிடமே இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் மனப்பாடத்தைப் பழைய மூடத்தனமென்று தள்ளிவிடாமல், பொருளறிந்து சிலவற்றையாவது நெஞ்சில் நிறுத்தும்படி பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று இத்தனை காலம் பிறருடைய எழுத்தைப் படித்துச் சந்தேகித்தே ஜீவனம் செய்த ஒருவன் என்ற முறையில் வேண்டிக்கொள்கிறேன். நெஞ்சில் சரக்குள்ள மாணவன் எந்தக் கருவியையும் தைரியமாகக் கையில் எடுக்கலாம். அது பொய் சொல்லும் இடத்தில் அவன் நின்றுவிடுவான்.